‘ஏ’ வரும்போது கையை அழுத்துங்கள்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு அடுத்த வாரம் இது நடந்தது. கிள்ளானில் ஒரு மருத்துவமனை, அதன் தீவிர சிகிச்சைப் பிரிவு, அதில் ஆறாம் எண் கட்டில். நான் அங்கே தாதி. நோயாளிகளுக்கு நான் ‘மிஸி’. இங்கே எல்லாத் தாதிகளுக்கும் அதுதான் பெயர்.

அந்த வாரம் எவ்வளவு களைத்திருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதற்காக இல்லை. என் செய்கையில் களைப்பு எவ்வளவு, கர்வம் எவ்வளவு என்று எனக்கே இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எங்கள் பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குப் போயிருந்தார்கள், ஒருவர் சவூதிக்கு. மூச்சுக்கருவியில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி என்பதுதான் முறை. அந்த மாதம் ஆளுக்கு இரண்டு நோயாளி. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கே, தலைநகரில் பயிற்சி படித்தபோது பிடித்த அறை. வேலை கிள்ளானில் கிடைத்த பிறகும் மாற்ற நேரம் அமையவில்லை. காலை ஷிஃப்டுக்கு முதல் கொமுட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டும். கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கவும், என் நிலையம் வரும்போது தானாக விழிக்கவும் பழகியிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா போர்ட் கிள்ளானில் லோரியில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்குத் துணையாள். ஓட்டுநராகவே ஆகியிருப்பார். ஆனால் லைசென்சுக்கு ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. அம்மா பூச்சோங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். மாலையில் வகுப்பறைப் பலகைகளைத் துடைப்பதும் அவர்தான். “நான் அழிச்ச அளவுக்கு எழுத்த எந்த வாத்தியாரும் எழுதியிருக்க மாட்டாங்க” என்று சொல்லிச் சிரிப்பார். அழித்ததில் ஓர் எழுத்துகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் எட்டு வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். எந்தப் படிவமாக இருந்தாலும் நான்தான் நிரப்புவேன்.

அப்படி வந்தவள் தாதிப் படிப்பை முடித்து, அதற்கு மேல் தீவிர சிகிச்சைக்கான சிறப்புப் பயிற்சியையும் முடித்தேன். பெருமை எனக்கு நிறைய உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்தப் பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த விஷயம் ஒன்று. முன்பெல்லாம் தொண்டையில் குழாய் போட்ட நோயாளியை மருந்து கொடுத்து நாள் கணக்கில் ஆழ்ந்த தூக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அவர் அசைய மாட்டார், குழாயைப் பிடுங்க மாட்டார், நமக்கும் தொல்லை இல்லை. அப்படித் தூங்கி எழுந்தவர்கள் பலருக்கு மனம் கலங்கிப்போவதும், தசை வற்றிப்போவதும், வீட்டுக்குப் போன பிறகும் பழைய ஆளாகத் திரும்ப முடியாமல் போவதும் ஆய்வுகளில் தெரிய வந்தது. அதன்பிறகு முறை மெல்ல மாறியது. இப்போது முடிந்தவரை தூக்க மருந்தைக் குறைத்து விழிக்க வைக்கிறோம். குழாயோடேயே உட்கார வைக்கிறோம். குடும்பத்தை அருகில் வரச் சொல்கிறோம். மனக்குழப்பம் வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் சோதிக்கிறோம்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் விழித்திருக்கும் நோயாளி தாதிக்கு இரட்டை வேலை. இதை எந்தப் பாடப்புத்தகமும் எழுதுவதில்லை. அவர் பயப்படுவார், பேசத் துடிப்பார், பேச முடியாமல் அழுவார், கையைக் குழாயிடம் கொண்டுபோவார். இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும்போது, “பேசாமல் எல்லாரையும் தூங்க வைத்துவிடலாமே” என்று நான் நினைக்காத நாள் இல்லை.

மனக்குழப்பச் சோதனை எளிமையானது. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம். ‘ஏ’ என்ற எழுத்து வரும்போது மட்டும் அவர் நம் கையை அழுத்த வேண்டும். பத்தில் நான்கு ‘ஏ’. இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் சிதறியிருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு, ஆமாம் இல்லை என்று தலையாட்டும்படி சில எளிய கேள்விகள். எங்கள் பிரிவில் இதை மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு என்னுடையது. என்னைவிட வயதில் மூத்த தாதிகள் என்னிடம் கற்றார்கள். அதுவும் ஒரு பெருமை.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் கேரி தீவிலிருந்து வந்த ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். செம்பனைத் தோட்டத்தில், பாமாயில் எடுக்கும் பனைகளுக்கு நடுவே, வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். நுரையீரலில் கடுமையான கிருமித் தொற்று, மூச்சு முட்டி வந்தவருக்குக் குழாய் போட வேண்டியதாயிற்று. ஒரு வாரத்தில் தொற்று இறங்கியது. செவ்வாய்க்கிழமை காலை தூக்க மருந்தைக் குறைத்தோம். கண் திறந்தார். குனிந்து, நான் மிஸி என்று தமிழில் சொன்னதும் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அம்மா, நான் எழுத்து சொல்லுவேன். ‘ஏ’ வரும்போது மட்டும் என் கைய அழுத்துங்க, சரியா?”

கண்ணை மூடித் திறந்தார். நான் தொடங்கினேன். ‘எஸ்’ என்றதுமே அழுத்தினார். அடுத்து வந்த ‘ஏ’க்கும் அழுத்தினார். பிறகு வந்த ஒரு ‘ஏ’யை விட்டுவிட்டு, ‘எச்’ என்றபோது அழுத்தினார். அதன்பிறகு எதற்கு அழுத்துகிறார், எதற்கு விடுகிறார் என்றே தெரியவில்லை. இரண்டைத் தாண்டிவிட்டது. கேள்விக்குப் போனேன்.

“கடல்ல மீன் இருக்குமாம்மா?”

என்னை ஒரு பார்வை பார்த்தார். கடலோரத் தீவிலிருந்து வந்தவரிடம் கேட்கிற கேள்வியா அது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பதில் இல்லை என்று குறித்தேன். மனக்குழப்பம் உண்டு என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.

அன்று மத்தியானம் அவர் கை குழாய்ப் பக்கம் போனது. நான் அடுத்த கட்டிலில் இருந்தேன். குழப்பத்தில் இருப்பவர் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்ற பயத்தில் இரண்டு கைக்கும் தடித்த பஞ்சுறை மாட்டினோம். அமைதிக்கு மருந்து சேர்த்தார்கள். எல்லாம் என் ஒரு கோட்டிலிருந்து.

புதன்கிழமை காலை ஒரு கையின் உறையைக் கழற்றிவிட்டு மறுபடி செய்தேன். காது மந்தமோ என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். “ஏ!” என்றேன். அந்த அம்மா என்னை முறைத்தார். மறுபடி “ஏ!” என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மீதி எழுத்துகளைச் சுவரைப் பார்த்தபடிதான் கேட்டார். ஒரு தரம்கூட அழுத்தவில்லை.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா சிரித்துவிட்டார். நான் படிக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே தாதியாக இருப்பவர்.

“ஆறாம் கட்டிலுக்குக் குழப்பமில்ல அடேக். உன்மேல கோபம்” என்றார் மலாயில். அடேக் என்றால் தங்கை.

நானும் சிரித்தேன். படிவத்தில் கோபத்துக்குக் கட்டம் கிடையாது.

வியாழக்கிழமையும் அதே கதை. கையைக்கூட என்னிடம் முழுதாகக் கொடுக்கவில்லை. விரல்கள் என் உள்ளங்கையில் செத்த மீன் மாதிரி கிடந்தன. காலை ரவுண்டில் டாக்டர் என் குறிப்பைப் பார்த்தார். இளம் சீனப் பெண் அவர். என்னைப் போலவே தூங்காத கண்கள். குழாய் போட்டுப் பத்தாவது நாள் ஆகிறது, மூன்று நாளாகக் குழப்பம், சொன்னதைச் செய்வதில்லை, அமைதி மருந்தில் இருமலும் பலவீனம், குழாயை எடுத்தால் தாங்க மாட்டார் என்றார். கழுத்தில் துளையிட்டு அங்கே குழாய் வைப்பதே நல்லது. மறுநாள் காலை அறுவைக்கூடத்தில் இடம் கேட்டாயிற்று. மகள் வந்தால் கையெழுத்து வாங்கிவிடு என்றார்.

தேவைப்படுகிறவர்களுக்கு அந்தத் துளை உயிர் காப்பது. நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் தேவைப்படாதவருக்கு அது கழுத்தில் ஒரு வெட்டு. எத்தனையோ நாள் குரல் வராது. சளி உறிஞ்சத் தெரிந்த ஆள் வீட்டில் வேண்டும். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே மகள்.

மகள் மத்தியானப் பார்வை நேரத்தில் வந்தார். கிள்ளானில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் நிற்பவர். சீருடையோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். படிவத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“எதுக்கு மிஸி ஓட்ட போடணும்? நேத்துகூட நீங்க உறையக் கழட்டினதும் என் விரல புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. டைம் முடிஞ்சிருச்சுன்னு நீங்கதான வந்து பிரிச்சி விட்டீங்க?”

“அவங்களுக்கு இப்போ தெளிவு இல்லக்கா. சொல்றது புரியல.”

“யாரு சொன்னா?”

“டெஸ்ட் இருக்கு. மூணு நாளா நான்தான் பண்றேன்.”

“என்னா டெஸ்ட்டு? எனக்குப் பண்ணிக் காட்டுங்க லா.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்த கட்டிலில் இயந்திரம் கூவிக்கொண்டிருந்தது. ஆனாலும் இவருக்கும் காட்டிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். உறையைக் கழற்றி, அம்மாவின் கையைப் பிடித்து, வகுப்பில் செய்துகாட்டுவது போல நிமிர்ந்து நின்றேன்.

“எஸ்… ஏ… வி… ஈ… ஏ…”

இரண்டாவது ‘ஏ’யிலேயே அந்த அம்மாவின் முகம் சுவருக்குத் திரும்பிவிட்டது. “பாத்தீங்களாக்கா?” என்று மகளிடம் திரும்பினேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ மிஸி! எங்கம்மாவயா ஏ, ஏன்னு கூப்புடுறீங்க? மூணு நாளாவா?”

“கூப்பிடலக்கா. இது எழுத்து. ஏபிசியில வர்ற ஏ.”

“என்னா எழுத்து? அவங்களுக்கு ஏயும் தெரியாது, இசட்டும் தெரியாது. பேங்க்ல கைநாட்டு வைக்கிறவங்க. வேலக்காட்டுல வேல வாங்குற மண்டோரு ஒருத்தன் ‘ஏ’ன்னு கூப்பிட்டான்னு பழக் கூடைய அப்படியே அவன் கால்மேல கவுத்துட்டு வீட்டுக்கு வந்தவங்க எங்கம்மா. உங்கள ஒண்ணும் பண்ணாம இருக்காங்கன்னா கையில உறை மாட்டியிருக்கீங்களே, அதான்!”

சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தவர், சிரிப்பு முடியும் முன்பே அழத் தொடங்கிவிட்டார். கையில் அந்தப் படிவம்.

“உங்க பரீட்சையில பெயிலுன்னு கழுத்துல ஓட்ட போடுவீங்களா மிஸி?”

எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அந்த அம்மாவின் கை இன்னும் என் கையில் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் ‘எஸ்’ஸுக்கும் ‘எச்’சுக்கும் அழுத்தியது நினைவுக்கு வந்தது. எழுத்தே தெரியாத ஒருவர் காதில் மட்டும் கேட்டால் இரண்டும் ‘ஏ’ மாதிரிதான் தொடங்கும். அவர் கவனமாகத்தான் கேட்டிருக்கிறார். அன்று நான் கேட்டதைச் செய்யத்தான் முயன்றிருக்கிறார். மறுநாள் நான் கத்தத் தொடங்கிய பிறகுதான் விட்டுவிட்டார்.

“அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்த ஏதாவது சொல்லுங்கக்கா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அந்த அம்மா தோட்டத்தில் செய்த வேலை, குலை வெட்டும்போது சிதறுகிற செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது. மகள் அம்மாவின் காதருகே குனிந்தார்.

“ம்மா, இங்க பாரு. மிஸி பெரிய மனுஷிதான், விடு. நான் சொல்றதக் கேளு. பழம்னு சொன்னா மட்டும் மிஸி கைய அமுக்கு. வேற எதுக்கும் அமுக்காத.”

பிறகு நிதானமாகச் சொன்னார். மட்டை. பழம். கூடை. குலை. பழம். லோரி. பழம். பழம். மழை. மண்வெட்டி.

நான்கு பழத்துக்கும் அழுத்தினார். வேறெதற்கும் விரல் அசையவில்லை. கடைசிப் பழத்துக்கு என் மோதிரம் விரலில் பதியும் அளவுக்கு அழுத்தினார். அது கோபம்தான். மலாய்க்கார அக்கா சொன்னதுதான் சரி.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்த யோசனை, யாரிடமும் சொல்லாமல் அன்றைய படிவத்தில் ‘குழப்பம் இல்லை’ என்று மாற்றிக் குறித்துவிடலாம் என்பதுதான். இன்று தெளிந்துவிட்டார் என்று சொல்லிவிட்டால் போதும். மூன்று நாள் கணக்கை யார் கேட்கப்போகிறார்கள்? களைப்பு அப்படித்தான் யோசிக்கும். கர்வமும் அப்படித்தான் யோசிக்கும். ஆனால் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட, சுவரிலிருந்து திரும்பி அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டாக்டரிடம் போனேன். நான் செய்த சோதனை மூன்று நாளும் தப்பு, அவருக்கு எழுத்து தெரியாது, நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சோதனைக் கையேட்டை எடுத்துவரச் சொன்னார். எங்கள் பிரிவின் பிரதி. அதன் அட்டையில் பொறுப்பாளர் என்று என் பெயர்தான் எழுதியிருந்தது. பக்கங்களைத் தள்ளிப் பின்பகுதிக்குப் போனார். எழுத்துக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிச் செய்யும் முறை அங்கே இருந்தது. முதலில் சில படங்கள். பிறகு அவற்றோடு வேறு படங்களைக் கலந்து காட்டி, எதை முன்பே பார்த்தீர்கள் என்று கேட்பது.

“இத வாசிச்சியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

“சரி. இப்போ வாசி.”

அவ்வளவுதான் சொன்னார். நான் நின்றபடியே அந்த இரண்டு பக்கத்தை வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும் சிறு பிள்ளை போல எனக்குக் கண் தடுமாறியது. வீட்டில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் வாசித்துச் சொன்னவள், தன் வேலைக்குரிய புத்தகத்தை முழுதாக வாசிக்கவில்லை.

டாக்டரே வந்து படங்களைக் காட்டினார். மகள் தமிழில் சொல்ல, அந்த அம்மா ஒவ்வொரு படத்துக்கும் ஆமாம், இல்லை என்று தலையாட்டினார். ஒன்றில்தான் தவறினார். டாக்டர் எழுந்து, அமைதி மருந்தை நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை அறுவைக்கூடத்துக்குப் பதில், கருவியின் உதவியைக் குறைத்துத் தானாக மூச்சுவிடுகிறாரா என்று பார்க்கலாம் என்றார். தாங்காவிட்டால் துளையிடத்தான் வேண்டும் என்பதையும் மறைக்காமல் மகளிடம் சொன்னார்.

கையெழுத்தில்லாத படிவத்தை மகள் என்னிடம் திருப்பித் தந்தார். “நாளைக்கு லீவு கேக்கறேன் மிஸி” என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு நாள். வேலைக்குப் போனேன். ஆள் பற்றாக்குறை, யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கருவியின் உதவியைக் குறைத்ததும் அந்த அம்மாவின் மூச்சு வேகமாகியது. திரையில் எண்கள் ஏறின. மகளை உள்ளே வரச் சொன்னேன், பார்வை நேரம் இல்லையென்றாலும். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, “மெதுவாம்மா, மெதுவா, மேடு ஏறற மாதிரி, அவசரப்படாத” என்றார். எண்கள் இறங்கத் தொடங்கின. அரைமணி நேரம் மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான், மகள், பக்கத்துக் கட்டிலிலிருந்து மலாய்க்கார அக்கா.

டாக்டர் வந்து இருமச் சொன்னார். இருமினார். நல்ல இருமல். பத்து மணிக்குக் குழாயை எடுத்தோம்.

எடுத்தவுடன் யாருக்கும் குரல் சரியாக வராது. சரசரவென்று காற்றுத்தான் வரும். சளியைத் துடைத்து, ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்தேன். அவர் என்னைப் பக்கத்தில் வரும்படி விரலால் கூப்பிட்டார். காதை வாயருகே கொண்டுபோனேன்.

“எனக்குப் பேரில்லியா?” என்றார்.

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“மூணு நாளா… ஏ, ஏன்னு… உங்கம்மா உனக்கு மரியாத சொல்லிக் குடுக்கலியா?”

“மன்னிச்சிருங்கம்மா.”

“தண்ணி குடு.”

தண்ணீர் தரக்கூடாது. குழாய் எடுத்த சில மணி நேரத்துக்கு விழுங்குவது ஆபத்து. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தேன். “தண்ணியும் குடுக்க மாட்டியா நீ” என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் சிரித்தார். என்னைப் பார்த்து இல்லை, அம்மாவைப் பார்த்து. நான் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுதேனா தூங்கினேனா என்று நினைவில்லை. வெளியே வந்தபோது அடுத்த கட்டிலில் இயந்திரம் கூவிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். தள்ளுகட்டிலில் போகும்போது என் பக்கம் பார்த்தாரா என்று தெரியாது. நான் அன்று பூச்சோங்கில் எங்கள் வீட்டில் இருந்தேன். அம்மா சமையலறையில் கீழே உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

“ம்மா, கையக் குடு.”

“மீன் நாத்தம்டி.”

“பரவால்ல, குடு. நான் எழுத்து சொல்லுவேன். ஏ வந்தா மட்டும் அமுக்கணும்.”

“என்னாடி, எனக்கும் பரீட்சையா?” என்று சிரித்துக்கொண்டே கையை நைட்டியில் துடைத்து நீட்டினார்.

அதே பத்து எழுத்தை, கத்தாமல், மெதுவாகச் சொன்னேன். அம்மா என் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் அழுத்தினார். பத்துக்கும் அழுத்தினார்.

“என்னாம்மா, எல்லாத்துக்கும் அமுக்கற?”

“எல்லாத்துக்கும் அமுக்கிட்டா அதுல ஏவும் வந்துரும்ல? ஒண்ணயும் விட்றக்கூடாதுன்னுதான்.”

பத்தில் ஆறு தவறு. என் கணக்குப்படி அம்மாவுக்குக் கையுறை மாட்ட வேண்டும். அமைதி மருந்து கொடுக்க வேண்டும்.

“பாஸாடி?” என்று கேட்டார்.

“பாஸ்மா” என்றேன். அவர் மறுபடி நெத்திலிக்குத் திரும்பிவிட்டார். என் கையில் மீன் வாசனை இருந்தது. கழுவ மனம் வராமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரத்துக்குப் பிறகு கையேட்டின் அந்த இரண்டு பக்கத்தைப் பிரதி எடுத்து எல்லாக் கட்டிலிலும் மாட்டினேன். வகுப்பு எடுக்கும்போது என் தவறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் காது கொதிக்கிறது. ஆள் பற்றாக்குறை இன்னும் தீரவில்லை. இன்னும் ரயிலில் நின்றபடிதான் தூங்குகிறேன்.

ஆனால் இப்போது எந்தக் கட்டிலருகே போனாலும் முதலில் அவர் பெயரைச் சொல்லிக் கூடவே அம்மா என்றோ ஐயா என்றோ சேர்த்துக் கூப்பிடுகிறேன், பிறகு தணிந்த குரலில், “எழுத்து படிச்சிருக்கீங்களா?” என்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாராவது என் அம்மாவைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து வளர்ந்தவள் நான். அந்த வெட்கத்தில் நான் கேட்காமல் விட்டதற்கு ஆறாம் கட்டில் அம்மா மூன்று நாள் கையில் உறையோடு கிடந்தார் என்பதுதான் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நினைவுக்கு வருகிறது.